என்பு மூலம், உருவம் உரை

புதிய நூலொன்றை ஆக்கியவன் அதனைத் தானே சிறந்ததென்று மகிழ்தல் போதாது. கற்றோர் அவையில் அதனை வைத்து, தடை எழுப்புவார்க்கு விடை கூறி, அவை ஒப்பிய பின்னரே அது நூலெனப் பெயர் பெறும் என்பது நம் முன்னோர் கொண்ட முறை. அரங்கேற்றம் என்னும் அவ்வழக்கம் இன்று பெரும்பாலும் விழாவாகச் சுருங்கிவிட்டது. மாலையும் பொன்னாடையும் உண்டு. தடையும் விடையும் இல்லை. ஆயினும் நாம் எதிர்பாராத ஓரிடத்தில் அம்முறை இன்னும் உயிரோடிருக்கிறது. தொல்விலங்கு உருவங்களைச் சேகரிப்போரின் கூட்டமே அவ்விடம்.

டைனோசர் முதலிய தொல்விலங்குகளைப் பிளாஸ்டிக்கில் வார்த்து விற்கும் நிறுவனங்கள் பல. செர்மனியின் ஷ்லைக், பிரான்சின் பாப்போ, அமெரிக்காவின் சபாரி, ஹாங்காங்கின் கொலெக்டா, சீனத்தின் பி.என்.எஸ்.ஓ. என்பன அவற்றுட் சில. இவை ஆண்டுதோறும் புதிய உருவங்களை அறிவிக்கின்றன. அறிவிப்பென்பது பெரும்பாலும் ஒரு மாதிரியின் நிழற்படமே. பொருள் கடைக்கு வரப் பல மாதங்கள் செல்லும். படம் வெளிவந்த அன்றே வயது முதிர்ந்த சேகரிப்போர் அதனை ஆராயத் தொடங்கிவிடுகின்றனர். விரல் எத்தனை? உள்ளங்கை எப்பக்கம் நோக்குகிறது? பல்லை உதடு மூடுகிறதா? இறகு உண்டா? வால் தரையில் இழுபடுகிறதா? இவ்வாறு கேள்விகள் எழுகின்றன. சிலர் புகழ்கின்றனர், சிலர் இகழ்கின்றனர், சிலர், "இவ்விலங்கு ஏன்? வேறு விலங்கு கிடைக்கவில்லையா?" என்று சலித்துக்கொள்கின்றனர்.

பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளுக்கு இத்துணை ஆராய்ச்சி எதற்கு என்று கேட்போர் இருப்பர். பிள்ளைகளுக்கு உரியது என்பதனாலேயே ஆராய்ச்சி வேண்டும் என்பது என் கருத்து. பழங்கால உலகம் எப்படியிருந்தது என்னும் எண்ணம் ஒரு குழந்தைக்குப் பாடநூலைத் தொடுமுன்பே கையிலுள்ள பொம்மையால் உருவாகிவிடுகிறது. ஆகவே, சேகரிப்போர் கூறுவனவற்றுள் எது திறனாய்வு, எது வெறும் விருப்பு வெறுப்பு என்று பிரித்தறிய ஓர் அளவுகோல் நமக்குத் தேவை. அவ்வளவுகோல் சிங்கப்பூரிலேயே நம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

மூலமும் உரையும்

தொல்விலங்கைக் கண்ணாற் கண்டவர் எவருமில்லை. நமக்குக் கிடைத்திருப்பவை என்பு, பல், காலடித்தடம், அருகலாகத் தோலின் பதிவு ஆகியவையே. இவை மூலம். இவற்றைக் கொண்டு தசையும் தோலும் நிறமும் நடையும் அமைத்துக் காட்டும் உருவம் உரை. தொல்காப்பியம் ஒன்றே, இளம்பூரணர் கண்ட பொருள் வேறு, நச்சினார்க்கினியர் கண்ட பொருள் வேறாதல் உண்டு. அவ்வாறே ஒரே என்புக்கூட்டிற்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு உருவம் செய்தால், இரண்டும் வேறுபடுதல் இயல்பு. எவ்வுரை மூலத்தோடு பொருந்துகிறது என்பதே கேட்கத்தக்க கேள்வி.

இதற்கு முதற் சான்று இலண்டன் நகரத்துக் கிறிஸ்டல் பேலஸ் பூங்காவில் இன்றும் நிற்கிறது. டைனோசர் என்னும் பெயரை 1842இல் ஆக்கிய ரிச்சர்டு ஓவனின் அறிவுரையோடு, வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்னும் சிற்பி உயிரளவில் செய்த உருவங்கள் 1854இல் மக்கள் பார்வைக்கு வந்தன. அவற்றுள் இகுவானோடான் என்னும் விலங்கிற்கு மூக்கின்மேல் ஒரு கொம்பு வைக்கப்பட்டது. 1878இல் பெல்ஜிய நாட்டுப் பெர்னிசார் சுரங்கத்தில் அவ்விலங்கின் முழு என்புக்கூடுகள் பல கிடைத்தபோது, அக்கொம்பு கையின் பெருவிரல் முள் என்பது தெளிவாயிற்று. மூக்கிலிருந்தது கைக்கு வந்தது! இதனை நகைப்பதால் பயனில்லை. மூலம் குறைவாயிருந்த காலத்தில் எழுந்த நேர்மையான உரை அது. ஆனால் 1878க்குப் பின்னும் ஒருவன் மூக்கிலேயே கொம்பை வைத்து விற்பானாயின், அது குற்றம். உரையை மதிப்பிடுவோன் உரை எழுந்த ஆண்டையும் நோக்க வேண்டும்.

டைரனோசரஸ் உருவங்களைப் பற்றிய பூசலையும் இவ்வாறே நோக்கலாம். அதன் உறவினமாகிய யூடைரனஸ் இறகோடு வாழ்ந்ததென 2012இல் சீனத்துப் புதைபடிவங்கள் காட்டின. உடனே இறகில்லாத டைரனோசரசைச் சேகரிப்போர் பலர் பழமைவாதமென்று தள்ளினர். 2017இல் டைரனோசரசின் தோற்பதிவுகள் ஆராயப்பட்டன. அவற்றிற் காணப்பட்டது செதில். உடனே இறகு மிகுந்த உருவங்கள் இகழப்பட்டன. இவ்விலங்குகளின் பல்லை உதடு மூடியிருக்கும் என்று 2023இல் ஓர் ஆய்வு வாதிட்டது. இப்போது பல் தெரியும் உருவத்திற்கு வசை. ஆய்வைப் பின்பற்றுதல் நன்றே. எனினும், தீர்ந்த முடிபையும் தீராத வழக்கையும் ஒன்றாகக் கருதி ஒரே குரலில் தீர்ப்புக் கூறுதல் திறனாய்வு ஆகாது. பாடவேறுபாடு உள்ள இடத்தில், "இப்படியும் ஒரு பாடம் உண்டு" என்று குறிப்பதே நல்ல பதிப்பாசிரியர் செயல்.

குற்றங்கள்

நன்னூலார் நூலுக்குரிய குற்றம் பத்து என வகுத்தார். அவற்றுட் சிலவற்றைச் சேகரிப்போர் தம்மையறியாமலே எடுத்தாள்கின்றனர் என்பது வியப்பைத் தருகிறது.

கூறியது கூறல் என்பது அவர்கள் பெரிதும் கூறும் குறை. எந்நிறுவனமும் சில ஆண்டுக்கொருமுறை மீண்டும் ஒரு டைரனோசரசை அறிவிக்கிறது. உலகில் பெயரிடப்பட்ட டைனோசர்கள் ஆயிரத்தைக் கடந்தும், கடையில் நிற்பவை அதே பத்துப் பன்னிரண்டு விலங்குகள்.

குன்றக்கூறல் என்பது தசையையும் கொழுப்பையும் விட்டு, மண்டையோட்டின் துளைகள்கூடத் தெரியும்படி தோலை ஒட்டிவிடுதல். உயிருள்ள யானையின் முகத்தில் அதன் மண்டையோட்டின் துளையை நாம் காண்பதில்லை. 2012இல் கான்வே, கோசெமன், நெய்ஷ் ஆகியோர் வெளியிட்ட 'ஆல் யெஸ்டர்டேஸ்' என்னும் நூல் இக்குற்றத்தைத் தெளிவாக எடுத்துக்காட்டியது. அந்நூலுக்குப் பின் சேகரிப்போர் கண்ணும் கூர்மை பெற்றது, உருவங்களும் திருந்தின.

மிகைபடக்கூறல் என்பது திறந்த வாயும் நீட்டிய நகமும் ஓயாத சீற்றமும். உண்டு, உறங்கி, குட்டிகளோடு நின்ற விலங்கு எப்போதும் கர்ச்சித்துக்கொண்டா இருந்திருக்கும்?

மாறுகொளக்கூறல் பையில் அடைத்து விற்கப்படும் மலிவான தொகுதிகளில் மிகுதி. ஸ்டெகோசரசும் டைரனோசரசும் ஒரே பையில் போர்புரியும் நிலையில் அடைபட்டிருக்கும். முன்னது வாழ்ந்தது ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன். பின்னது மறைந்தது 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன். டைரனோசரசுக்கும் நமக்கும் உள்ள இடைவெளியைவிட அவ்விரண்டிற்கும் உள்ள இடைவெளி பெரிது!

இவையெல்லாம் சேகரிப்போர் நுண்மையாகக் கண்டவை. அவர்கள் எழுப்பிய தடைகளாலேயே, உள்ளங்கை கீழ்நோக்கித் தொங்கும் பழைய பிழை நல்ல நிறுவனங்களின் உருவங்களில் அருகிவிட்டது. அவர்களுக்கு இந்நன்றியைச் சொல்லியே மேலே செல்ல வேண்டும்.

செய்யுள் விகாரம்

சேகரிப்போர் தவறும் இடம் ஒன்றுண்டு. செய்யுளில் தளை கெடாமற் காக்கப் புலவன் ஒரு சொல்லை நீட்டுவான், குறுக்குவான். இலக்கணம் அதனைப் பிழையென்று தள்ளாமல் செய்யுள் விகாரம் எனப் பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. பொருளின் யாப்பு சொல்லை வளைப்பது போலவே, பிளாஸ்டிக்கின் யாப்பு உருவத்தை வளைக்கும்.

இருகாலில் நடக்கும் விலங்கை எண்ணுக. உயிருள்ள விலங்கு தசையால் சமநிலை காக்கும். பொம்மைக்கு அத்தசை இல்லை. ஆதலின் வார்ப்போர் பாதத்தைச் சற்றுப் பெரிதாக்குவர். அல்லது வாலை மூன்றாம் காலாக ஊன்றுவர். அல்லது அடிப்பலகை சேர்ப்பர். "பாதம் பெரிது" என்று படத்தைக் கண்டவுடன் எழும் கூக்குரல் இவ்விகாரத்தை உணராதது. மென்மையான பிளாஸ்டிக்கால் ஆன மெல்லிய கால் வெப்பத்தில் மெல்ல வளைந்து, உருவம் ஒருபுறம் சாய்ந்துவிடும். வெந்நீரில் தோய்த்து நிமிர்த்திப் பின் தண்ணீரில் இட்டு இறுகச் செய்வது சேகரிப்போர் யாவரும் அறிந்த கைம்மருந்து. அம்மருந்தை வீட்டில் பயன்படுத்துபவரே, பாதம் பெரிதென்று சினப்பது பொருந்துமா?

ஆகவே ஒரு குறையைக் கண்டால், இஃது அறியாமையால் வந்த வழுவா, பொருளின் யாப்பால் வந்த விகாரமா என்று முதலிற் கேட்க வேண்டும். உள்ளங்கையை உட்பக்கம் திருப்பி வார்ப்பதற்குப் பிளாஸ்டிக் தடையன்று. எனவே அது வழு. பாதம் சற்றுப் பெரிதாதல் விகாரம். அன்றியும், கையால் வண்ணந்தீட்டிய மாதிரியின் படம் வேறு. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் தீட்டப்பட்டுக் கடைக்கு வரும் பொருள் வேறு. படத்தை மட்டும் கண்டு வழங்கும் தீர்ப்பு, பாயிரத்தை மட்டும் படித்து நூலுக்கு மதிப்புரை எழுதுவது போன்றது.

சிங்கப்பூரில் உள்ள மூலம்

லிட்டில் இந்தியாவில் சையது ஆல்வி சாலை முஸ்தபா கடைத்தொகுதியிலோ வேறு விளையாட்டுப் பொருட் கடையிலோ நீண்ட கழுத்துடைய டைனோசர் பொம்மை ஒன்றை ஒரு தந்தை தம் மகளுக்கு வாங்கிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல உரையா என்று அவர் எப்படி அறிவது? லிட்டில் இந்தியா நிலையத்தில் பெருவிரைவு இரயில் ஏறி, ஹார்பர்ஃபிரண்டில் மாறிக் கெண்ட் ரிட்ஜ் சென்றால், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள லீ கோங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தை அடையலாம். 2015 ஏப்ரலில் திறக்கப்பட்ட அவ்விடத்தில் மூலமே நிற்கிறது.

பிரின்ஸ், அப்போலோனியா, ட்விங்கி என்று பெயரிடப்பட்ட அம்மூன்று என்புக்கூடுகளும் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து டென் ஸ்லீப் என்னும் ஊரருகே 2007 முதல் 2010 வரை அகழ்ந்தெடுக்கப்பட்டவை. டிப்ளோடோகஸ் குடும்பத்தைச் சேர்ந்த இவ்விலங்குகள் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவை. பிரின்ஸ் 27 மீட்டரும், அப்போலோனியா 24 மீட்டரும், இளையதாகிய ட்விங்கி 12 மீட்டரும் நீளமுள்ளவை.

தென்கிழக்காசிய உயிர்களுக்கென அமைந்த அரும்பொருளகத்தில் அமெரிக்க என்பு எதற்கு என்று ஒருவர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆயினும் ஒரு பயன் வெளிப்படை. பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு மூலத்தோடு ஒப்பிட இந்நகரத்துப் பிள்ளைகளுக்கு அது வாய்ப்பளிக்கிறது. வாயை நோக்குக: பற்கள் குச்சிபோல் நீண்டு முன்புறத்தில் மட்டுமே இருக்கும், கடைவாய்ப்பல் வைத்த பொம்மை வழுவுடையது. முன்காலை நோக்குக: இக்குடும்பத்திற்குப் பெருவிரலில் மட்டுமே பெருநகம் உண்டு, யானைக்குப் போல ஐந்து நகம் வைத்தது வழு. வாலை நோக்குக: அது சாட்டைபோல் மெலிந்து செல்லும். 1:40 என்னும் விகிதத்தில் பிரின்சை வார்த்தால் நீளம் 67 சென்டிமீட்டரைக் கடக்கும். எந்தக் கடைத்தட்டில் அது அடங்கும்? ஆதலால் வாலை வளைத்து வார்த்திருந்தால் விகாரமென்று பொறுத்துக்கொள்ளலாம். வாலையே பாதியாக்கியிருந்தால் குன்றக்கூறல் என்று குறிக்கலாம்.

2020 அக்டோபரில் சாங்கி விமான நிலையத்தையும் கிழக்குக் கடற்கரைப் பூங்காவையும் இணைக்கும் பாதையில் இருபதுக்கு மேற்பட்ட டைனோசர் உருவங்கள் உயிரளவில் நிறுத்தப்பட்டன. குடும்பங்கள் திரண்டு சென்று கண்டு மகிழ்ந்தன. அம்மகிழ்ச்சியைக் குறை கூறேன். ஆனால் சாங்கியில் உள்ளது உரை. கெண்ட் ரிட்ஜில் உள்ளது மூலம். உரையை மட்டும் படித்து மூலத்தைத் தொடாத மாணவனை நாம் வகுப்பில் கண்டிப்பதில்லையா?

பெயரால் வரும் மயக்கம்

இனி, தமிழர்க்கே உரிய ஒரு சோதனையைக் கூறவேண்டும். தமிழகத்தின் அரியலூர்ப் பகுதி தொல்லுயிர் எச்சங்களுக்குப் பேர்போனது. அப்பகுதியிற் கிடைத்த சில என்புகளுக்கு யாதகிரி, அய்யாசாமி என்னும் புவியியலார் 1979இல் திராவிடோசரஸ் என்று பெயரிட்டனர். முதுகில் தகடுகளையுடைய, ஸ்டெகோசரஸ் இனத்து விலங்கு அது என்பது அவர்கள் கொண்ட பொருள். 1990களில் வேறு ஆய்வாளர் அவ்வென்புகளை நோக்கி, இது தரைவிலங்கன்று, துடுப்புக்கால் கொண்டு கடலில் நீந்திய பிளீசியோசர் என்றனர். மூலம் ஒன்று, ஓர் உரையில் அது காட்டில் நடக்கிறது, மற்றோர் உரையில் கடலில் நீந்துகிறது!

அதே இருவர் 1987இல் கல்லமேட்டிற் கிடைத்த பேரென்புகளுக்குப் புருகத்காயோசரஸ் என்று பெயரிட்டனர். பெரும் உடலுடைய பல்லி என்பது அப்பெயரின் பொருள். முதலில் ஊனுண்ணியாகக் கருதப்பட்ட அது, பிறகு நீண்ட கழுத்துடைய தழையுண்ணியெனக் கொள்ளப்பட்டது. அதன் முழங்காற்கீழ் என்பு ஒன்றே 2 மீட்டர் நீளமென அவர்கள் பதிவு செய்தனர். எடை 100 டன்னைக் கடந்திருக்கலாம் என்னும் மதிப்பீடும் வந்துள்ளது. ஆனால் அவ்வென்புகள் இன்று இல்லை. காப்புப்பூச்சுக்குள்ளேயே அவை சிதைந்துபோயின என்னும் செய்தி 2017இல் வெளியாயிற்று. எஞ்சிய பழைய நிழற்படங்கள் சில 2022இல் அச்சேறின.

இவ்விழப்பின் அளவை உணர ஓர் ஒப்புமை போதும். எகிப்திற் கிடைத்த ஸ்பைனோசரசை 1915இல் விளக்கிய ஸ்ட்ரோமர் என்னும் செர்மானியர் வைத்திருந்த என்புகள் 1944இல் மூனிக் நகரின்மேல் விழுந்த குண்டுகளால் அழிந்தன. ஆயினும் அவர் விரிவான வரைபடங்களை விட்டுச்சென்றார். மொராக்கோவில் புதிய என்புகள் கிடைத்து, 2014இல் அதன் குறுங்கால்களும் 2020இல் துடுப்புப்போன்ற வாலும் வெளிப்பட்டபோது, பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டு உரையைத் திருத்த முடிந்தது. கல்லமேட்டு மூலத்திற்கு அத்தகைய காவல் போதிய அளவு வாய்க்கவில்லை. செல்லரித்த ஏட்டின் துயரம் நமக்குத் தெரியாததன்று. அரியலூரில் ஏட்டின் இடத்தில் என்பு.

ஒரு நிறுவனம் நாளை திராவிடோசரசையோ புருகத்காயோசரசையோ புதிய உருவமாக அறிவிக்குமாயின், நம்மவர் எதிர்வினை எவ்வாறிருக்கும்? பெயரைக் கண்டதும் நெஞ்சு விம்மும். "உலகிலேயே பெரியது எங்கள் மண்ணில்" என்று முழங்கத் தோன்றும். 2020இல் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் ஏரி வெட்டும்போது கிடைத்த உருண்டைக் கற்களை டைனோசர் முட்டையென்று ஊரெங்கும் பரப்பியதும் இவ்வுணர்ச்சியே. அவை முட்டையல்ல, கடற்படிவு திரண்டு உருண்ட கற்கள் எனப் புவியியலார் விளக்க வேண்டியதாயிற்று. மண்ணின்மேல் அன்பு குற்றமாகாது. அவ்வன்பு மூலத்தை நோக்கிச் சென்றால், கல்லமேட்டில் இனி வெளிப்படும் என்பையாவது காக்கும். பெயரோடு நின்றுவிட்டால் பொம்மையை மட்டும் வாங்கும்.

அத்தகைய அறிவிப்பு வரும் நாளில், நாம் பிறர் செய்த உருவத்திற்குக் கேட்ட கேள்விகளையே கேட்க வேண்டும். எவ்வென்பு கிடைத்தது? எஞ்சியது எதனைக் கொண்டு நிரப்பப்பட்டது? தகடு வைத்தவர் துடுப்பு என்னும் மறுபாடத்தைக் குறித்தாரா? விடை கூறாத நிறுவனத்தின் உருவத்தை, அது நம் பெயர் தாங்கியதாயினும், ஐயத்தோடுதான் ஏற்க வேண்டும்.

செய்யத்தக்கன

நிறுவனங்கள் பெட்டியின்மேல் நீளமும் உணவும் அச்சிடுகின்றன. கிடைத்த என்பு எவை என்பதையும் உருவம் செய்த ஆண்டையும் ஒரு வரியில் அச்சிட்டால், பொம்மை தானே பாடமாகும். சேகரிப்போர் தம் கூர்மையான கண்ணை இக்கோரிக்கையின்பால் திருப்புவாராக.

தமிழாசிரியர்க்கும் இதில் பணியுண்டு. மாணவர் தம் கைப்பொம்மையை வகுப்பிற்குக் கொண்டுவரட்டும். என்பினால் அறிந்தது ஒரு பத்தி, ஊகத்தால் நிரப்பியது ஒரு பத்தி என்று இரண்டு பத்தி தமிழில் எழுதட்டும். பறக்கும் டெரோசரையும் நீந்தும் பிளீசியோசரையும் டைனோசர் என்றழைப்பது பிழையென்பதையும் அப்போதே அறிந்துகொள்வர். மூலம் இது, உரை இது என்று ஒரு பொம்மையில் பிரித்தறியப் பழகிய பிள்ளை, நாளை ஒரு செய்தியிலும் ஒரு குறட்பாவின் உரையிலும் அதனைப் பிரித்தறியும். தமிழ்க் கல்வி இதனினும் பெரிய பயன் எதனைத் தரவேண்டும்?